‘வரமாட்டா’ என்று நான் மொழிபெயர்த்த நாள்

மொழிபெயர்ப்பாளர் என்ற பெயரில் நான் வேலை பார்த்தது ஒன்றரை வருடம்தான். 2005 ஜனவரி நடுப்பகுதியில் தொடங்கி 2006இன் நடுப்பகுதி வரை. அதற்கு முன் மட்டக்களப்பில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் ஆங்கிலம் படிப்பித்துக் கொண்டிருந்தேன். அப்பா பதுளையில் அரசாங்க வேலை பார்த்த காலத்தில் அங்கே நான்கு வருடம் இருந்ததால் சிங்களமும் ஓரளவு பேச வரும். மூன்று மொழி தெரிந்தவள் என்ற ஒரே தகுதியில், சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனம் என்னைச் சேர்த்துக்கொண்டது. மூன்று மொழி தெரிந்தால் மூன்று சனத்தையும் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி என்ன நடந்தது என்று இந்த நாட்டில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 10,000 பேருக்கு மேல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும். இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம்.

என் வேலை கல்முனைப் பக்கம். மட்டக்களப்பிலிருந்து கடற்கரை வீதியால் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அந்த வீதியால் போனவர்களுக்குத் தெரியும், ஊர்கள் மாறி மாறி வரும். பெரியநீலாவணை தமிழ் ஊர், அடுத்தது மருதமுனை முஸ்லிம் ஊர், பிறகு பாண்டிருப்பு தமிழ், கல்முனையில் இரண்டு சனமும், சாய்ந்தமருது முஸ்லிம், காரைதீவு தமிழ். ஒரு ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவது ஒரு குறுக்கு வீதியில். ஒரு பக்கம் கோயில் மணி, மறு பக்கம் பாங்கொலி. 1990இல் இரண்டு பக்கமும் இரத்தம் சிந்திய பிறகு அந்தக் குறுக்கு வீதிகள் வெறும் வீதிகளாக இருக்கவில்லை. எங்கள் அம்மா மருதமுனைக் கைத்தறிச் சாரி உடுப்பா, ஆனால் அந்த ஊருக்குள் 14 வருடம் கால் வைக்கவில்லை. கொண்டு வந்து விற்பவரிடம் படலையடியில் வைத்துப் பேரம் பேசி வாங்குவா. நான் வளர்ந்ததும் அந்தப் படலைக்கு உள்பக்கம்தான். பெருநாளைக்கு வரும் வட்டிலப்பம் தெரியும், அதைச் சுட்ட கையைத் தெரியாது.

2005 பெப்ரவரியில், கணவரை இழந்த பெண்களுக்குத் தொழில் உதவி கொடுப்பதற்காகப் பதிவு நடந்தது. நெசவு தெரிந்தவர்களுக்குத் தறி, மற்றவர்களுக்குத் தையல் மெசின் அல்லது சிறு கடை வைக்க முதல். நிபந்தனை ஒன்றுதான். சம்பந்தப்பட்டவர் நேரில் வர வேண்டும். அடையாள அட்டை இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரின் கடிதம், கையொப்பம், ஒரு போட்டோ. முகாமுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை வராந்தாவில் மேசை போட்டு இரண்டு நாள் இருந்தோம். மேற்பார்வை செய்தவர் வட ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண். அவர் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், பதிலை ஆங்கிலத்தில் சொல்வேன், அவர் எழுதுவார். வெயில். வரிசை. குழந்தைகளின் அழுகை. போட்டோ பிடிக்க வந்த பொடியன் ஒருவன்.

பட்டியலில் இருந்த ஒரு பெயரைக் கூப்பிட்டபோது யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் கூப்பிட்டோம். வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னார்: “அவ வரமாட்டா மிஸ். இத்தாவுல இரிக்கா.”

இத்தா என்ற சொல்லை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். நோன்பு மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த நேரத்தில் மனமில்லை, பின்னால் 40 பேர் நிற்கிறார்கள். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். ‘வரமாட்டா’ என்பதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வர மறுக்கிறார் என்ற பொருளில் சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்து, அந்தப் பெயரின் மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறினார்.

எங்கள் தமிழில் ‘வரமாட்டா’ என்பது இரண்டு வேலை செய்யும். விருப்பமில்லாமல் வராததும் வரமாட்டாதான், வர வழியில்லாமல் இருப்பதும் வரமாட்டாதான். சொல்பவரின் முகத்தைப் பார்த்து எது என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, வரிசையைப் பார்த்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சிறுமி என்னிடம் வந்தாள். பத்து வயதிருக்கும். தலையில் போட்டிருந்த முக்காட்டின் முனையைக் கடித்துக்கொண்டு, “எங்கட உம்மாட பேர் ஏன் இல்ல?” என்று கேட்டாள்.

அவளோடு போனேன். கூடாரத்தின் வாயில் ஒரு பழைய சாரியைக் குறுக்கே கட்டியிருந்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “ஆம்புளயள் ஆரும் கூட வந்திரிக்கியளா?” நான் தனிய என்று சொன்னபிறகுதான் சாரி விலகியது. என்னைவிட ஐந்தாறு வயது கூடியவர். ராத்தா என்றே கூப்பிட்டேன், இன்றுவரைக்கும் அப்படித்தான். அவர் என்னைப் புள்ள என்பார்.

முஸ்லிம் சகோதரிகளுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. மற்ற வாசகிகளுக்காகச் சொல்கிறேன், அவர்களில் பலர் என்னைப் போலத்தான் இருப்பார்கள். கணவர் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். கருவுற்றிருந்தால் பிள்ளை பிறக்கும் வரை. அந்தக் காலத்தில் அலங்காரம் இல்லை, மறுமணப் பேச்சு இல்லை, பிற ஆண்களுக்கு முன் போவதில்லை, வீட்டிலேயே இருப்பது. பிறை மாதக் கணக்கு என்பதால், சுனாமியன்று கணவரை இழந்த பெண்ணுக்கு அது மே மாதத் தொடக்கத்தில்தான் முடியும். எங்கள் பதிவு நடந்தது பெப்ரவரியில். அந்த நான்கு மாதத்துக்குள்தான் கூப்பன், உலர் உணவு, காசு, பதிவு, போட்டோ எல்லாமே வந்தன.

வீடு இருக்கிற காலத்தில் இத்தா இருப்பது வேறு. உம்மா, சகோதரிகள், அறை, கதவு, கிணறு எல்லாம் இருக்கும். கூடாரத்தில் இருப்பது எப்படி என்று ராத்தா சொன்னார். மலசலகூடத்துக்குச் சுபஹுத் தொழுகைக்கு முன் இருட்டில் போய் வருவாராம். அதன் பிறகு இரவு வரைக்கும் அடக்கிக்கொண்டிருப்பது. அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். பவுசர் வந்தால் சிறுமிதான் வாளியோடு ஓட வேண்டும்.

“வெளியால போகவே கூடாதெண்டு இல்ல புள்ள. தேவைக்குப் பகல்ல போகலாம் எண்டுதான் மௌலவியும் செல்றாரு. ஆனா அத்தின ஆம்புளயளுக்கு முன்னால நிண்டு, ஒரு பொடியன் போட்டோப் புடிக்க... அவரு மௌத்தாகி ரெண்டு மாசம் ஆகல்ல. ஒராள் இஞ்ச வந்து கேட்டிருந்தா நான் கையெழுத்து வெச்சித் தந்திருப்பன்.”

நான் என்ன மொழிபெயர்த்தேன் என்பதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், சொன்னேன். ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“மாட்டேன் எண்டு செல்ல எனக்கிட்ட என்ன மிச்சம் இரிக்கி?”

அன்று பின்னேரம் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டார், ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்துக்காக அல்ல. அந்தக் கூடாரம் எங்கள் மேசையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். இரண்டு நிமிட நடை. “காரணத்தைச் சொல்லியிருந்தால் நான் படிவத்தை எடுத்துக்கொண்டு நடந்து போயிருப்பேனே” என்றார். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது, தெரியாது என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் என்னைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

தேடிப் பார்த்ததில் அதே காரணத்தால் இன்னும் நான்கு பெண்கள் விடுபட்டிருந்தார்கள். கூடாரம் கூடாரமாகப் போய்ப் பதிந்தோம். ஆனால் முதற்கட்டப் பட்டியல் கொழும்புக்குப் போய் மூடப்பட்டுவிட்டது. ராத்தாவுக்குத் தறி கிடைத்தது ஒக்டோபரில். மற்றப் பெண்கள் ஜூனிலேயே நெய்யத் தொடங்கி, பெருநாள் விற்பனைக்குக் கையில் சரக்கு வைத்திருந்தார்கள். அந்த நான்கு மாதத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் ஏலாது.

அதன் பிறகு அந்தப் பக்கம் போகிற நாளெல்லாம் ராத்தாவின் கூடாரத்தில் ஒரு பிளேன்டீ. ஒரு நாள் அவர் கேட்டார், “ஒங்கட ஆக்களுக்கு மனிசன் மௌத்தானா எத்தின நாள்?” துடக்கு 31 நாள் என்றேன். “அதுக்குப் புறகு?” அதற்குப் பிறகு பொட்டில்லை, பூவில்லை, கலியாண வீட்டில் முன்னுக்கு நிற்பதில்லை. இப்போது சிலர் அப்படி இருப்பதில்லை, ஆனால் என் மாமி அப்படித்தான் இருந்தா. “அது எத்தின நாளைக்கி?” சாகும்வரைக்கும் என்றேன். ராத்தா கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப எங்கட நாலு மாசம் பறவாயில்லயே புள்ள!” இரண்டு பேரும் சிரித்தோம். கூடாரத்துக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு அடுத்த கூடாரத்துக் கிழவி எட்டிப் பார்த்தா.

வெளிநாட்டவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் சனம் நன்றி சொல்வதில்லை என்று அவர்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. உண்மைதான், நாங்கள் வாயால் சொல்வது குறைவு. பால்மா வாங்கிய பெண் ஒன்றும் சொல்லாமல் போய், மூன்றாம் நாள் அந்த மேற்பார்வையாளருக்கு ஒரு சட்டிக் கணவாய்க் கறி கொண்டு வந்தா. கறியின் உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இதுதான் நன்றி என்று நான் சொன்னேன். தலையாட்டுவதும் பெரிய பிரச்சினை. நாங்கள் ஓம் என்று பக்கவாட்டில் ஆட்டுவதை இல்லை என்று எழுதிவிடுவார்கள். இவையெல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டன. கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் என்றபடியால் எல்லோரும் கவனமாக இருந்தார்கள். ஒரே மொழி பேசுகிறோம் என்ற இடத்தில்தான் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்தது வீட்டுப் பிரச்சினை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அப்போது சொன்னது. அந்த விதி பிறகு தளர்த்தப்பட்டாலும், ஏராளமான குடும்பங்கள் உள்ளே அரச காணிகளுக்கு மாற வேண்டியிருந்தது. அதற்கான படிவத்தில் முதல் கேள்வி: குடும்பத் தலைவர் யார்?

பெண்களிடம் நான் அப்படியே கேட்டேன். எல்லோரும் கணவரின் பெயரைச் சொன்னார்கள். காணி உறுதி அந்தப் பெயருக்குப் போகும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் உறைக்கவில்லை. பாண்டிருப்பில் ஒரு அம்மாதான் படிவத்தில் ஒப்பமிட்டுவிட்டு என்னைக் கேட்டா: “தங்கச்சி, போன வீடு என்ட அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது. வாற வீடு ஏன் அவருக்கு?”

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடு பெண்ணுடையது. மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் தகப்பன் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின் வளவில் ஒரு குடிலுக்குப் போவார்கள். மாப்பிள்ளை வந்து சேர்வார். தமிழரிடமும் அப்படி, முஸ்லிம்களிடமும் அப்படி. குடி என்று சொல்வோமே, அதையும் தாய் வழியாகவே இரண்டு சனமும் எண்ணுகிறது. அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது நூலில் படிக்க வேண்டிய விசயமாக இருக்கவில்லை. மூச்சு விடுவது போல இருந்ததால்தான் படிவத்தைப் பார்த்தபோது என் கண்ணில் படவில்லை.

எங்கள் பட்டியலைப் பார்த்த அதிகாரி ஒரு சிங்களவர், குருநாகல் பக்கத்து ஆள். நல்ல மனிதர், பகல் சாப்பாட்டை மறந்து வேலை செய்பவர். நான் போய் இதைச் சொன்னபோது அவருக்கு விளங்கவில்லை. வீடு மனைவியுடையது என்றால் கணவன் இல்லையா, விட்டுப் போய்விட்டானா என்று கேட்டார். கணவன் இருக்கிறார் சேர், அவர்தான் குடும்பத் தலைவர், ஆனால் வீடு அவருடையதல்ல என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். சிங்களத்தில் எவ்வளவு சொல்லியும் ஒரு சுவரில் போய் முட்டுவது போல இருந்தது.

பதுளையில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் பேசக் கேட்ட ஒரு சொல் அப்போது ஞாபகம் வந்தது. “சேர், இது பின்ன மாதிரி” என்றேன்.

கண்டியச் சட்டத்தில் கலியாணம் இரண்டு வகை. பெண் கணவன் வீட்டுக்குப் போனால் தீக, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தால் பின்ன. இன்றும் பதிவில் எது என்று எழுத வேண்டும். தீகவில் போன பெண்ணுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை போய்விடும், பின்னவில் இருப்பவளுக்குப் போகாது. அந்த அதிகாரி என்னை விழித்துப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். “அப்படியென்றால் நங்கி, உங்கள் ஊரில் எல்லோருமே பின்னவா?” பின்ன மாப்பிள்ளை கதவடியில் எப்போதும் கைத்தடி, மழைக்குப் பிடிக்கத் தாளிப்பனை ஓலை, பந்தம் மூன்றையும் தயாராக வைத்திருக்க வேண்டும், எந்த இரவில் துரத்துவார்களோ தெரியாது என்று அவர் ஊரில் பெரியவர்கள் சொல்லும் பகிடியையும் சொன்னார். தன் பெரியப்பா ஒருவர் அப்படிப் போனவர், சாகும்வரை அந்த வீட்டில் குரல் உயர்த்தாதவர் என்றார். அன்று அவர் படிவங்களைத் திருப்பித் தந்து, ‘இழந்த வீடு யாருக்கு உரியது?’ என்று ஒரு நிரலை எங்கள் கையாலேயே கீறி நிரப்பச் சொன்னார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். எங்கள் பட்டியலில் பல பெண்களின் பெயரில் காணி கிடைத்தது. கணவர்மாரில் பெரும்பாலானோர் மறுக்கவில்லை, “அது அவட வீடுதானே” என்றார்கள். ஒரு குடும்பத்தில் மட்டும் கணவரின் அண்ணன் பிரதேச செயலகத்துக்கு வந்து சத்தம் போட்டார். ஆனால் அடுத்த பட்டியல், அடுத்த நிறுவனம், அடுத்த அதிகாரி, எல்லா இடத்திலும் பழைய கேள்விதான். இருவர் பெயரிலும் உறுதி கொடுக்கும்படி மட்டக்களப்பிலும் கொழும்பிலும் பெண்கள் அமைப்புகள் போராடின, அரச காணி அனுமதிப் பத்திரம் ஒரு பெயருக்குத்தான் என்ற பதிலே கிடைத்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் மகனை மகளுக்கு முன் வைத்திருந்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான். அந்தப் பாண்டிருப்பு அம்மா அதைக் காண இல்லை. வீடு அவவின் பெயரில் இருந்தது, மகளுக்கு எழுதிவிட்டுத்தான் போனா.

ராத்தா இப்போது மருதமுனையில் வீட்டோடு இரண்டு தறி போட்டிருக்கிறார். அன்று முக்காட்டைக் கடித்துக்கொண்டு வந்த மகள் ஆசிரியை. எங்கள் அம்மா ஒரு நாள் என்னோடு அங்கே வந்தா, வாசலில் கொஞ்சம் தயங்கினா, பிறகு தறியைக் கண்டதும் பாவு நூலைத் தடவிப் பார்த்து விலை கேட்கத் தொடங்கிவிட்டா.

2011இல் அப்பா இறந்தார். நான்காம் நாள் காலையில் ராத்தா மகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறைய மரக்கறி. பூசணி, கத்தரி, வாழைக்காய், ஒரு கட்டுக் கீரை. ஒன்றும் சமைத்ததல்ல. உள்ளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். ஒரு மணித்தியாலம் இருந்திருப்பார், அதிகம் பேசவில்லை. பிறகு எழுந்தார், போயிட்டு வாறன் என்று சொல்லாமல் படலையைத் திறந்து போனார்.

செத்த வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்பதும், 31 வரைக்கும் மச்சம் சமைக்க மாட்டோம் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும் என்று பிறகு போனில் கேட்டேன்.

“பாண்டிருப்புக்குப் போய்க் கேட்டுப்போட்டுத்தான் வந்தன் புள்ள,” என்றார். “ரெண்டு வீட்டுல கேட்டன். ஒராள் சமைச்சிக் கொண்டு போகலாம் எண்டா, மற்றாள் வேணாம் எண்டா. அதுதான் பச்சையாவே கொண்டு வந்தன்.”